சும்மா கிடைக்கும் சக்கையும் உமியும் பலகையாகும்போது...
(தொழில் அறிவோம் – வணிகர்களுக்கான பாடம்)



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து நாங்கள் புறப்படும் நேரத்தில், மளிகைக் கடை நடத்தும் இரண்டு இளைஞர்கள் எங்களை வாசலில் நிறுத்தினார்கள். கையில் ஒரு திட்ட அறிக்கை. கரும்புச் சக்கை, நெல் உமி, கடலைத் தொலி இவற்றைக் கொண்டு பலகை செய்யும் தொழிற்சாலை ஒன்று வரப் போகிறதாம். ஆளுக்கு 5 இலட்சம் பங்கு. "மரமே வேண்டாமுங்க அய்யா. மூலப்பொருள் சும்மா கிடைக்குதுங்க. பசையும் கரண்டும்தான் செலவு" என்றார்கள்.

நாங்கள் நாற்பது ஆண்டுகளாக வெல்ல மண்டியும் மளிகை மொத்த வியாபாரமும் செய்பவர்கள். பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவர்கள். இருந்தாலும் "சும்மா கிடைக்குது" என்ற சொல்லைக் கேட்டதும் எங்களுக்குப் பழைய கணக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. அதைப் பின்னால் சொல்கிறோம். முதலில் இந்தத் தொழில் என்ன, பலகை எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். பங்கு போட நினைப்பவர்களுக்கு மட்டுமல்லாமல், கடைக்கு அலமாரி அடிக்கப் பலகை வாங்குகிற எல்லோருக்கும் இது பயன்படும்.

பலகை பிறந்த கதை

நாம் பார்ட்டிகிள் போர்டு என்றும், தச்சர்கள் சிப் போர்டு என்றும் சொல்லும் துகள் பலகை 1940களில் ஜெர்மனியில் தொழிலாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நல்ல மரம் கிடைக்கவில்லை. ஆகவே, தூக்கி எறியும் சிறு மரத்துண்டுகளைத் துகளாக்கி, பசை கலந்து, சூட்டில் அழுத்திப் பலகையாக்கினார்கள்.

மரமே இல்லாமல் பலகை செய்யும் எண்ணம் அதற்கும் முந்தியது. அமெரிக்காவின் லூசியானா மாநிலம் கரும்பு விளையும் பூமி. அங்கே 1920களின் தொடக்கத்திலேயே கரும்புச் சக்கையிலிருந்து 'செலோடெக்ஸ்' என்ற பெயரில் மென்பலகை செய்து, வீட்டுச் சுவர்களுக்குச் சூடு தாக்காமல் அடித்தார்கள். 1930களில் சுவீடனில் வைக்கோலைப் பசை இல்லாமலே சூடாக்கி அழுத்திப் பலகையாக்கினார்கள். போருக்குப் பின் பெல்ஜியத்தில், லினன் துணிக்கு நார் எடுத்த ஆளிச் செடியின் தண்டுத் துகளில் பலகை செய்தார்கள்.

நம் நாட்டில் இந்தப் பேச்சு வலுத்ததற்குக் காரணம் மரத்தட்டுப்பாடு. காட்டை நம்பியிராமல், தமக்கு வேண்டிய மூலப்பொருளை உழவர்களைக் கொண்டு வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை ஆலைகளுக்குச் சொன்னது. 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம், அரசு ஒப்புக்கொண்ட திட்டம் இல்லாமல் காட்டு மரம் வெட்டுவதை நிறுத்தியது. அதன்பின் தைல மரம், சவுக்கு, சூபாபுல், ரப்பர் மரம் ஆகிய தோட்ட மரங்களும், கூடவே வயலில் மிஞ்சும் தாவரப் பொருள்களும் கவனத்துக்கு வந்தன. பருத்திமாரிலிருந்து பலகை செய்யும் முறையை மும்பையிலுள்ள மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது.

இந்தியத் தர நிறுவனம் துகள் பலகைக்குக் கொடுத்துள்ள ஐ.எஸ். 3087 என்ற தரக் குறிப்பின் தலைப்பிலேயே, மரமும் பிற தாவரப் பொருள்களும் என்று இரண்டும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. எனவே சக்கைப் பலகை என்றால் போலிச் சரக்கு என்று யாரும் எண்ண வேண்டாம். முறையாகச் செய்தால் அதுவும் தரமான பலகைதான்.

ஒரு டன் கரும்பில் எத்தனை பலகை?

வணிகனுக்குக் கணக்குப் போட்டால்தான் எதுவும் விளங்கும். கரும்புச் சக்கையையே எடுத்துக்கொள்வோம்.

சர்க்கரை ஆலையில் ஒரு டன் கரும்பு அரைத்தால் சுமார் 280 கிலோ சக்கை வரும். அதில் ஏறக்குறையப் பாதி ஈரம். காய்ந்த எடை 140 கிலோதான். சக்கையின் உள்ளே பஞ்சு போன்ற சோற்றுப் பகுதி ஒன்று உண்டு. அது காய்ந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதைப் பிரித்து எடுக்காவிட்டால் அது பசையைக் குடித்துவிடும். பலகைக்குப் பலமும் தராது. அதைக் கழித்தால் மிஞ்சும் நார் 95 கிலோ அளவில் நிற்கும்.

இந்த நாரை நன்றாக உலர்த்தி, நூற்றுக்கு 8 முதல் 10 வரை பசை சேர்த்து, சூடான அச்சில் அழுத்துகிறார்கள். ஓரம் வெட்டியது, தேய்த்தது எல்லாம் போகச் சுமார் 100 கிலோ பலகை கிடைக்கலாம். 8 அடிக்கு 4 அடி, 18 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு பலகையின் எடை சுமார் 37 கிலோ. ஆக, ஒரு டன் கரும்பின் சக்கைக்கு இரண்டரைப் பலகைக்குச் சற்று மேல். திட்ட அறிக்கைகளில் சக்கையின் ஈர எடையை அப்படியே மூலப்பொருளாகக் காட்டியிருந்தால், அந்த அறிக்கையை அங்கேயே மூடி வைத்துவிடலாம்.

ஒவ்வொரு நாருக்கும் ஒரு குணம்

கரும்புச் சக்கை: மரத்துக்கு நெருங்கிய நார் இது. ஆனால் சக்கையில் சர்க்கரை மிச்சம் ஒட்டியிருக்கும். ஈரத்தோடு குவித்தால் புளிக்கும், கறுக்கும், உள்ளே சூடேறும், தீப்பிடிக்கவும் செய்யும். வெல்லம் காய்ச்சும் இடத்தில் சக்கைப்போர் அருகே பீடி பிடிக்க விடமாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். அரவை சில மாதங்கள்தான். பலகை ஆலையோ ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். ஆகவே இந்தத் தொழிலில் பாதி வெற்றி சக்கையைச் சேமித்து வைப்பதில் இருக்கிறது.

நெல் உமி: நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. நூறு கிலோ உமியை எரித்தால் சுமார் 20 கிலோ சாம்பல் வரும். அந்தச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா, அதாவது மணலில் உள்ள அதே பொருள். உமிக்கரியில் நம் பாட்டனார் பல் துலக்கியதும், பாத்திரம் துலக்கியதும் அந்தச் சொரசொரப்பை வைத்துத்தான். அதே சொரசொரப்பு, பலகை அறுக்கும் ரம்பத்தின் பல்லைத் தேய்த்துவிடும். மேலும் உமியின் மேல்தோல் வழவழப்பானது. சாதாரண யூரியா பசை அதில் சரியாகப் பிடிக்காது.

வைக்கோல்: இதிலும் சிலிக்கா உண்டு. மேலே மெழுகுப் பூச்சும் உண்டு. இதற்கு எம்.டி.ஐ. என்னும் வேறு பசை வேண்டும். நன்றாகப் பிடிக்கும். விலையோ யூரியா பசையைவிடப் பல மடங்கு. அச்சுத் தகட்டிலும் ஒட்டிக்கொள்ளும். அதற்குத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும்.

தேங்காய் மட்டை: இதில் லிக்னின் என்ற இயற்கைப் பிசின் அதிகம். முழு மட்டையை அரைத்துச் சூட்டில் அழுத்தினால் அந்தப் பிசினே பசையாக வேலை செய்யும் என்று நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டியுள்ளனர்.

பருத்திமார், கடலைத் தொலி: இரண்டிலும் பலகை வரும். பருத்திமார் மரம் போலவே பலம் தரும். ஆனால் அதை வயல் வயலாகச் சென்று பிடுங்கி, கட்டி, வெட்டிச் சேர்க்க ஆள் வேண்டும். கடலைத் தொலி மில் வாசலிலேயே குவிந்து கிடக்கும். அதனால்தான் நாங்கள் அதில் ஏமாந்தோம்.

எங்கள் பழைய கணக்கு

1997இல் பக்கத்து மாவட்டத்தில் ஒரு பலகை ஆலை தொடங்கினார்கள். மண்டிக்காரர்கள் நாங்கள் நால்வர் சேர்ந்து, கடலைத் தொலி கொடுக்க ஒப்பந்தம் செய்துகொண்டோம். டன்னுக்கு இன்ன விலை என்று ஓர் ஆண்டுக்கு ஒரே விலை எழுதிக் கையெழுத்துப் போட்டோம். கடலை உடைக்கும் மில்காரர்கள் அன்று, "இடத்தைக் காலி செய்து கொடுத்தால் போதும், எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார்கள். ஏற்று கூலியும் லாரி வாடகையும் மட்டுமே எங்கள் செலவு. முதல் மூன்று மாதம் நல்ல லாபம். நாங்கள் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டோம்.

நான்காம் மாதம் ஒரு மில்காரர், "நீங்கள் விற்றுக் காசு பார்க்கிறீர்கள், எங்களுக்கும் ஏதாவது கொடுங்கள்" என்றார். நியாயமான கேள்வி. கொடுத்தோம். அடுத்த வாரம் எல்லா மில்லிலும் விலை கேட்டார்கள். அதைப் பார்த்த செங்கல் சூளைக்காரர்கள் எங்களைவிட டன்னுக்குச் சற்றுக் கூடக் கொடுத்தார்கள். பிறகு ஐப்பசி மழை வந்தது. வெட்டவெளியில் போட்டிருந்த தொலி நனைந்தது. ஈரம் அதிகம் என்று ஆலையில் லாரிகளைத் திருப்பி அனுப்பினார்கள். போக வர வாடகை எங்கள் தலையில். ஒப்பந்த விலையோ அதே விலை.

ஆண்டு முடிவில் நால்வருக்கும் சேர்த்து நட்டம் 1 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய். அன்று அது பெரிய தொகை. எங்களில் ஒருவர் அந்த ஆண்டு மகள் கல்யாணத்தைத் தள்ளி வைத்தார். ஆலைக்காரர் மேல் குற்றம் சொல்ல மாட்டோம். ஈரமான சரக்கை அவர் எப்படி வாங்குவார்? ஒருவன் காசு கொடுத்து வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து அந்தப் பொருள் கழிவாக இருக்காது, சரக்காகிவிடும். இதை மறந்தது எங்கள் தவறு.

நம் தொழிலில் இதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! புளி உரித்து எறிந்த கொட்டை, மாவாகி நெசவு ஆலைக்குப் போகிறது. பொள்ளாச்சிப் பக்கம் சாலையோரம் மலை மலையாகக் கிடந்த தென்னை நார்க்கழிவு, கட்டியாக அழுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது. அரிசி ஆலைக்காரர் அள்ளிப்போகச் சொன்ன உமிக்குக் கொதிகலன்காரரும் சூளைக்காரரும் விலை கொடுக்கிறார்கள். கரும்புச் சக்கை நிலையும் அதுவே. வெல்லம் காய்ச்சுபவருக்கு அதுதான் அடுப்பெரிக்கும் விறகு. சர்க்கரை ஆலைக்கு அதுதான் கொதிகலனுக்குத் தீனி. இணைமின் நிலையம் வைத்த ஆலைகள் அதை எரித்து மின்சாரமாக்கி விற்கின்றன. அதைப் பலகைக்குக் கேட்பவர், அந்த மின்சாரத்தின் விலையோடு போட்டி போட வேண்டும்.

ஜெயித்தவர் எப்படி ஜெயித்தார்?

இதை நம் ஊர்ப் பக்கமே பார்க்கலாம். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் (டி.என்.பி.எல்.), 1984இல் உற்பத்தி தொடங்கியதிலிருந்து கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாக வைத்துக் காகிதம் செய்கிறது. அது பலகை ஆலை இல்லை. ஆனால் சக்கை திரட்டுவதில் பலகைக்காரர் படிக்க வேண்டிய பாடம் அங்கே இருக்கிறது. "உங்கள் சக்கையை எங்களுக்குக் கொடுங்கள். அதை எரித்து நீங்கள் எடுக்கும் நீராவியை நாங்கள் தருகிறோம்" என்று சர்க்கரை ஆலைகளோடு பண்டமாற்றாக ஏற்பாடு செய்தார்கள். கொடுப்பவருக்கு இழப்பில்லை, வாங்குபவருக்குச் சரக்கு நிச்சயம். அரவைக் காலத்தில் வரும் சக்கையைத் தண்ணீர் விட்டு நனைத்து, பெரும்போராக அடைத்து வைத்து, கெடாமல் ஆண்டு முழுவதும் எடுத்துக்கொள்கிறார்கள்.

மாறாக, கனடாவில் மானிடோபா மாநிலத்தின் எலீ என்ற ஊரில் கோதுமை வைக்கோலில் பலகை செய்ய ஒரு பெரிய ஆலை 1998இல் ஓடத் தொடங்கியது. சுற்றிலும் கோதுமை வயல்தான். எம்.டி.ஐ. பசை போட்டார்கள், பலகையும் நல்ல பலகை. ஆனாலும் 2001இல் ஆலை கைமாறி, 2005இல் மூடப்பட்டது. சரக்கு நன்றாக இருந்து வியாபாரம் நிற்காமல் போவது உலகம் முழுவதும் உண்டு.

நம் பக்கம் வானமும் ஒரு பங்காளி. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபின் தமிழ்நாட்டில் கரும்பு அரவை வெகுவாகக் குறைந்ததை மண்டியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் நாம். கரும்பு இல்லை என்றால் சக்கை ஏது?

கடைக்குப் பலகை வாங்குபவர் கவனத்துக்கு

தொழிலில் இறங்காதவர்களும் இந்தப் பலகையை வாங்குகிறோம். விலை குறைவு, நேர்த்தியாக இருக்கிறது. மளிகைக் கடைக்கு வாங்கும்போது நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இது:

1. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 3087 என்ற எண்ணும் பாருங்கள். மேலே பளபளப்புத் தாள் ஒட்டி வரும் பலகைக்கு எண் 12823.

2. வெட்டிய துண்டு ஒன்றை வாங்கி வந்து அரை நாள் தண்ணீரில் போடுங்கள். 18 மில்லிமீட்டர் துண்டு 22, 23 என்று உப்பினால் அந்தப் பலகையை வாங்காதீர்கள். மரத்துகள் ஆனாலும் சக்கை ஆனாலும் இந்தச் சோதனைக்கு வேறுபாடு இல்லை.

3. வெட்டிய ஓரம் எதையும் திறந்து விடாதீர்கள். நான்கு ஓரமும் பட்டை ஒட்டி மூட வேண்டும். தண்ணீர் ஓரத்தின் வழியேதான் உள்ளே போகும். அடித்தட்டைத் தரையில் வைக்காமல் நான்கு அங்குலம் தூக்கி வையுங்கள். கடை கழுவும் தண்ணீர் படக்கூடாது.

4. உப்பு மூட்டை, வெல்லச் சிப்பம், எண்ணெய் டின் இவற்றைத் துகள் பலகைத் தட்டில் ஏற்ற வேண்டாம். அவற்றுக்கு இரும்பு அல்லது கட்டைதான். பாக்கெட் சரக்குக்குத் துகள் பலகை போதும். அதற்கும் இரண்டடிக்கு ஒரு தாங்கி கொடுங்கள்.

5. மூக்கை நம்புங்கள். யூரியா பசையில் பார்மால்டிஹைடு என்னும் வாயு உண்டு. மட்டமான புதுப்பலகையில் கண் எரியும், மூக்கு அரிக்கும். 2004இல் உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. வாயு குறைவாக விடும் பலகைக்கு ஈ-1, ஈ-0 என்று குறியிடுகிறார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். புது அலமாரியைச் சில வாரம் காற்றாட விட்ட பிறகே சரக்கு அடுக்குங்கள். தேயிலைத் தூள் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் என்பதை நாம் மறக்கக்கூடாது.

பங்கு போடும் முன் ஐந்து கேள்விகள்

அந்த இரண்டு இளைஞர்களுக்கும் நாங்கள் ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுத்தோம். நீங்களும் குறித்துக்கொள்ளலாம்.

ஒன்று: இந்தக் கழிவை இன்று யார் பயன்படுத்துகிறார்கள்? அவர்கள் என்ன விலை கொடுக்க முடியும்? "யாருமே பயன்படுத்துவதில்லை" என்று பதில் வந்தால் இன்னும் நன்றாக விசாரியுங்கள்.

இரண்டு: எத்தனை மாதம் கிடைக்கும்? மீதி மாதங்களுக்கு எங்கே, எந்தக் கூரையின் கீழ் வைப்பீர்கள்?

மூன்று: எவ்வளவு தூரத்திலிருந்து வரும்? உமியும் தொலியும் பொரி மூட்டை போல. 10 டன் ஏறும் லாரி 3, 4 டன்னிலேயே நிறைந்துவிடும். வாடகை மட்டும் முழு வண்டிக்குத்தான்.

நான்கு: எடை ஈரத்தோடா, ஈரம் நீக்கியா? ஈரத்தை எந்த இடத்தில், யார் அளப்பது? இதை எழுத்தில் வைக்க வேண்டும்.

ஐந்து: இந்த நாருக்கு எந்தப் பசை? அதன் விலை ஏறினால் பலகையின் விலை மரப் பலகையோடு நிற்குமா?

தம்பிகள் இருவரும் அறிக்கையை எடுத்துக்கொண்டு சுற்று வட்டாரத்தில் ஐம்பது கிலோமீட்டர் அலைந்து வந்தார்கள். பட்டியலில் இருந்த அரிசி ஆலைகளில் பெரும்பாலானவை தங்கள் உமியைத் தங்கள் கொதிகலனிலேயே எரிக்கின்றன. மிச்சம் இருப்பதற்கும் ஆண்டு ஒப்பந்தக்காரர் உண்டு. "அறிக்கையில் போட்ட உமியில் கால் பங்குகூடத் தேறாதுங்க அய்யா" என்றார் மூத்தவர். திட்டம் கொண்டு வந்தவரிடம் அந்த ஐந்து கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கேட்டிருக்கிறார்கள். பதில் வரும் வரை பணம் அவர்கள் பெட்டியிலேயே இருக்கும்.

இந்தத் தொழில் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மரம் குறைந்து வரும் நாட்டில் சக்கையும் மட்டையும் பருத்திமாரும் பலகையாவது நல்ல காரியம். வயலில் எரிப்பது பலகையானால் உழவருக்கும் நாலு காசு வரும். ஆனால் அந்த நாலு காசை முதல் நாளிலிருந்தே கணக்கில் எழுதி வைத்துத் தொழிலைத் தொடங்க வேண்டும். கொடுப்பவருக்கும் லாபம் வைத்த வியாபாரம்தான் இரண்டாம் ஆண்டைப் பார்க்கும். மண்டியில் நாம் தினமும் செய்வதும் அதுதானே?